ஹாட்தலாவுக்கு அப்பால் வர மறுத்தவர்

சங்கரலிங்கம் காலமான செய்தியை எனக்கு யாரும் நேரில் சொல்லவில்லை. கல்கத்தாவில், கிடர்பூர் சந்தையில் வாழைத்தண்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது நம் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் வந்து விழுந்தது. கீழே கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே செயற்குழு உறுப்பினர் ஒருவர், "அவருடைய மாணவர் வேலாயுதத்துக்கும் யாராவது தகவல் தெரிவிக்கவும்" என்று எழுதியிருந்தார். நான் அந்தக் குழுவில் இருக்கிறேன் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. வாழைத்தண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் வீடு இருக்கும் டாக்குரியாவுக்குப் பஸ் ஏறினேன்.

நான் சங்கரலிங்கத்தின் மாணவன் அல்ல. இந்த மலரில் அவரைப் பற்றி எழுதச் சொன்னதற்கு நன்றி, ஆனால் அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுதுவேன். எனக்கு ஆசிரியர் என்று யாரும் வாய்க்கவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். கிடர்பூரில் சுங்க வேலை பார்க்கும் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து, சரக்குச் சீட்டுகளைப் படித்து ஆங்கிலமும் கடைப் பலகைகளைப் படித்து வங்காளமும் கற்றுக்கொண்டேன். சங்கரலிங்கத்துக்கு நான் எதிராளி. அவர் உயிரோடு இருந்தவரை ஒரு விஷயத்தில் அவரோடு சண்டை போட்டேன். அந்தச் சண்டை முடியவில்லை. முடியாதது நல்லது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சண்டை ஒரு ரயிலைப் பற்றியது. நம்மில் இளையவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கல்கத்தாவுக்குத் தெற்கே, விக்டோரியா ராணியின் காலத்தில், வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று மாவட்டச் சாலையின் ஓரமாகவே ஒரு சிறிய ரயில் பாதை போட்டது. இரண்டரை அடி அகலம்தான். கிராமத்து ஜனங்கள் அதைச் 'சோட்டோ ரேல்' என்றார்கள், சின்ன ரயில். சணலும் நெல்லும் காய்கறியும் அதில் வந்தன. கோர்ட்டுக்குப் போகிறவனும் கல்யாணத்துக்குப் போகிறவனும் அதில்தான் போனார்கள். பிறகு பஸ் வந்தது, லாரி வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கம்பெனி கதவை மூடியது. தண்டவாளத்தைப் பெயர்த்து விற்றார்கள். மண்மேடு ரோடாகிவிட்டது. சின்னப் பாலங்களின் தூண்கள் மட்டும் வாய்க்கால்களில் நிற்கின்றன, அவற்றின்மேல் துணி துவைக்கிறார்கள்.

இந்த ரயிலை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தேடிக்கொண்டு போவேன். ஒருநாள், ஒரு குளக்கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது மூங்கில் புதருக்கு அந்தப் பக்கம் "சவத்து மூதி" என்று ஒரு குரல் கேட்டது. சுற்றிலும் வங்காள வயல். அதற்கு நடுவில் சுத்தமான திருநெல்வேலித் தமிழ். எட்டிப் பார்த்தால், முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்ட ஒரு மனிதர் கையிலிருந்த குடையால் சேற்றைத் திட்டியபடி அடித்துக்கொண்டிருந்தார். நான் தமிழில் பேசியதற்கு அவர் ஆச்சரியப்படவில்லை. கையை நீட்டி, "மொதல்ல தூக்கும், பெறவு பேசலாம்" என்றார்.

அவர் ரயில்வேயில் பாதைப் பராமரிப்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனாரும் ரயில்வே. பிறந்தது கரக்பூர் ரயில்வே காலனியில், பேச்சு மட்டும் வீட்டில் கற்ற திருநெல்வேலி. குளத்தில் என்ன தேடினீர்கள் என்று கேட்டேன். குளத்தையேதான் தேடினேன் என்றார். பிறகு விளக்கினார். பாதைக்கு மேடு கட்ட வேண்டுமானால் பக்கத்திலேதான் மண் வெட்டுவார்கள். வெட்டிய இடம் குளமாகும். ஊர்க்காரன் வெட்டிய குளம் சதுரமாக இருக்கும், ஒரு பக்கம் படித்துறை இருக்கும். ரயில்வே வெட்டிய குளம் ஒல்லியாக, நீளமாக, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். படித்துறை இருக்காது. தண்டவாளம் போனாலும் குளம் போகாது. "மேட்ட அழிச்சிருவான் வே. பள்ளத்த அழிக்க அவனுக்கு மண்ணு ஏது?" என்றார்.

நான் அதற்கு முன்பே அந்தக் குளங்களைக் கவனித்து வைத்திருந்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். காரணம்தான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

அதிலிருந்து ஞாயிறுதோறும் சேர்ந்து நடந்தோம். காலை லோக்கல் ரயிலில் போய் இறங்கி, குளங்களைப் பிடித்துக்கொண்டு தெற்கே நடப்போம். நடக்கும்போது அவர் அதிகம் பேச மாட்டார். பாலத் தூணைக் கண்டால் குடையால் ஒரு தட்டு தட்டுவார். மாமியார் வீட்டுக் கதவைத் தட்டுவது போல மரியாதையான தட்டு. இப்படியே ஹாட்தலா வரை எங்களுக்குள் எந்த வேறுபாடும் இல்லை. ஹாட்தலா ஒரு சந்தை ஊர். அங்கே சோட்டோ ரேலின் பழைய ஸ்டேஷன் கட்டடம் இப்போதும் இருக்கிறது, உரக்கடையாக.

வழக்கு அதற்கு அப்பால் உள்ள ஒரு மைலைப் பற்றியது. குளங்கள் ஹாட்தலாவோடு நிற்கவில்லை. ஆற்றங்கரையில் கேயாகாட் என்ற படகுத்துறை வரை போகின்றன. ஆக, தண்டவாளம் அதுவரை போனது என்பதில் எங்களுக்குள் தகராறு இல்லை. அதன்மேல் பயணிகள் வண்டி போனதா என்பதே கேள்வி. கேயாகாட் மக்கள், எங்கள் ஊர்தான் கடைசி ஸ்டேஷன், எங்கள் அப்பன் பாட்டனெல்லாம் இங்கேதான் ரயிலேறினார்கள் என்கிறார்கள். ஆற்றை ஒட்டிச் செங்கல்லால் கட்டிய நீளமான உயர்ந்த மேடை ஒன்று அங்கே இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவன் நான். பிளாட்பாரம் இருக்கும்போது ஸ்டேஷன் இல்லை என்று எப்படிச் சொல்வது?

சங்கரலிங்கம் முதல்முறை அந்த மேடையை என்னோடு வந்து பார்த்தார். பார்த்ததும் திரும்பிவிட்டார். ஹாட்தலா டீக்கடையில் உட்கார்ந்தபின்தான் வாயைத் திறந்தார். நாம் நடந்துவந்த எந்த ஸ்டேஷனிலாவது பிளாட்பாரம் பார்த்தீரா என்று கேட்டார். யோசித்தேன். இல்லை. அந்த ரயிலில் ஜனங்கள் தரையிலிருந்துதான் ஏறினார்கள். பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு இரண்டு படிகள் இருந்தன. பிறகு அவர் தீப்பெட்டி ஒன்றை எடுத்து, பக்கவாட்டில் இரண்டு குச்சிகளைச் செருகி, இதுதான் பெட்டி, இதுதான் படி என்றார். பிஸ்கட் டின்னைப் பெஞ்சின்மேல் வைத்து, இதுதான் உம்முடைய பிளாட்பாரம் என்றார். தீப்பெட்டியை டின்னை ஒட்டித் தள்ளினார். குச்சிகள் ஒடிந்து விழுந்தன.

"பிளாட்பாரம் இருக்கதுனாலதான் வே அது ஸ்டேஷன் இல்ல," என்றார். "சணல் மூட்டை ஏத்துக மேடை அது. மூட்டைக்குப் படி வேண்டாம்லா."

அந்தப் பெட்டிகளுக்குப் படி இரண்டு பக்கமும் இருந்ததென்று நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஒரு பக்கம் இல்லையென்று நீர் பார்த்தீரா என்று திருப்பிக் கேட்டார். கேயாகாட் கிழவர்களின் அப்பன்மார் ரயிலேறியது பொய்யா என்றேன். அதற்கு அவர் சொன்னதை அவரை அறிந்தவர்கள் அவர் குரலிலேயே கேட்கலாம்: "ஏறியிருப்பான். யாரு இல்லன்னா? மூட்டை மேல ஏறி உக்காந்து போனவனெல்லாம் பாசஞ்சரா? டிக்கெட் எடுத்தானா?"

டிக்கெட் எடுத்தவனுக்குத்தான் ரயில் என்றால், நம் நாட்டில் பாதிப்பேர் ரயிலே பார்த்திருக்க மாட்டார்கள் என்றேன். டீக்கடைக்காரர் எங்களுக்குள் சொத்துத் தகராறு என்று நினைத்துக் கவலையோடு பார்த்தார்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஹாட்தலா வந்ததும் சங்கரலிங்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். "என் ரயிலு இங்கனதான் நிக்கும். நீரு போயிட்டு வாரும்" என்பார். எவ்வளவு கூப்பிட்டாலும் ஓரடி எடுத்து வைக்க மாட்டார். நான் தனியே கேயாகாட் வரை நடந்து, மேடையைப் பார்த்து, ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். வாழைத்தோப்பைத் தாண்டி என் தலை தெரிந்ததும் பெஞ்சிலிருந்து குடை உயரும்.

"என்ன வே, ரயிலு வந்துச்சா?"

"வந்துட்டுப் போயிடுச்சு. நீங்கதான் விட்டுட்டீங்க."

மழையிலும் வெயிலிலும் இதே கேள்வி, இதே பதில். இருவருமே சிரிக்க மாட்டோம். பிறகு அவர் எனக்கும் சேர்த்து டீ சொல்வார்.

தென் கல்கத்தாவில் உள்ளூர் வரலாறு எழுதும் குழு ஒன்று இருக்கிறது. பெயர் சொல்லவில்லை. படித்தவர்கள். அவர்கள் சோட்டோ ரேலைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டார்கள். நான் பல ஆண்டுகளாக அனுப்பிய படங்களும் குறிப்புகளும் அதில் இருந்தன. என் பெயர் இல்லை. பயணிகள் வண்டி ஹாட்தலாவோடு நின்றது என்றும், அதற்கு அப்பாலும் சென்றதாக ஆர்வலர் சிலர் கருதுகிறார்கள் என்றும் ஒரு வரி இருந்தது. ஆர்வலர் சிலர்! அந்தச் சிலரும் நான் ஒருவன்தான். எனக்குக் கோபம் என் பெயருக்காக மட்டும் இல்லை. கேயாகாட்டில் இருப்பவர்கள் படகுக்காரர்கள், மீன் பிடிப்பவர்கள். ரோடு அவர்களிடம் கடைசியாக வந்தது, கரன்ட் கடைசியாக வந்தது. ரயிலாவது அவர்களிடம் முதலில் போயிருந்தது என்று ஒரு புத்தகம் சொல்லட்டுமே என்று நினைத்தேன். பட்டியலின் கடைசியில் இருப்பவனை மறப்பது எழுதுகிறவர்களுக்கு எளிது. கடைசியிலேயே இருந்து பழகியவனுக்குத்தான் அது உறுத்தும்.

புத்தக வெளியீட்டுக்கு நான் போகவில்லை. சங்கரலிங்கம் போனார். அங்கே எழுந்து நின்று, ஹாட்தலாவுக்கு அப்பால் பயணிகள் வண்டி போகவில்லை, நீங்கள் எழுதியது சரி, ஆனால் தண்டவாளம் போனது, அதை நடந்து கண்டுபிடித்த மனிதனுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதைப் போடுங்கள் என்று தன் கரக்பூர் வங்காளத்தில் சொல்லிவிட்டு வந்தாராம். அவரை வங்காளிகள் ஷொங்கர்தா என்று மரியாதையாக அழைப்பார்கள். குழுவினர் தலையாட்டிக் கேட்டார்கள். செய்யவில்லை.

எனக்கு இது வேறு ஆள் சொல்லித்தான் தெரிந்தது. அடுத்த ஞாயிறு அவரிடம், என் சார்பில் பேச உங்களை யார் கேட்டது என்று சண்டை பிடித்தேன். அவர் குடையைத் தரையில் ஊன்றினார்.

"உம்ம சார்புல எவன் பேசினான்? நீரு தப்பு. அத அங்கயும் சொன்னேன். ஆனா நீரு நடந்து போயித் தப்புப் பண்ணவரு. அவனுவ உக்காந்துகிட்டே சரியாச் சொல்லுதானுவ. ரெண்டும் ஒண்ணா?"

எனக்கு இதுவரை கிடைத்த பாராட்டு இது ஒன்றுதான். இதையும் அவர் திட்டாகத்தான் கொடுத்தார்.

கடைசிக் காலத்தில் அவருக்கு முழங்கால் வலி. வாரந்தோறும் என்பது மாதம் ஒருமுறை ஆனது. சென்ற குளிர்காலத்தில், கடைகளில் புதுவெல்லம் வந்திருந்த சமயம், அவரே போன் செய்து ஹாட்தலாவுக்குக் கூப்பிட்டார். நேராகச் சந்தையில் போய் இறங்கினோம். டீ குடித்தோம். நான் வழக்கம்போல எழுந்தேன். அவரும் எழுந்து, ஓரமாக நின்ற பாட்டரி ரிக்ஷாவை, அங்கே டோட்டோ என்கிறார்கள், கைதட்டிக் கூப்பிட்டார். ஏறி உட்கார்ந்துகொண்டு, "ஏறும். ரயிலு வராத ஊருக்கு டோட்டோ வருதுல்லா" என்றார்.

கேயாகாட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு மேடைமேல் ஏறினார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நடந்தார். குடையால் செங்கல்லைத் தட்டினார், அதே மரியாதையான தட்டு. டோட்டோக்காரன் எங்கள் இருவரையும் அவருடைய போனில் ஒரு படம் எடுத்தான். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். பொய் சொல்வானேன், ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு, "நல்ல வேலை. சணலுக்குன்னு நல்லாத்தான் கட்டிருக்கான்" என்றார்.

அதன்பின் நான் அவரைப் பார்த்தது டாக்குரியாவில், கண்ணாடிப் பெட்டிக்குள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் டாக்குரியாவிலேயே ஒரு கூடத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். மேடையில் மாலை போட்ட படம், அன்று டோட்டோக்காரன் எடுத்ததே. என்னை வெட்டிவிட்டு அவரை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். அடியில், 'சோட்டோ ரேலின் கடைசி ஸ்டேஷனில் அப்பா' என்று அச்சிட்டிருந்தது. அவருடைய மகன் குமார் நியூ டவுனில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், நல்ல பிள்ளை. என்னைத் தனியே அழைத்துப்போய், "அப்பா லாஸ்ட்ல உங்க பாயின்ட்டை ஒத்துக்கிட்டார் அங்கிள். இல்லேன்னா அவ்வளவு கால் வலியோட அங்க ஏன் போகணும்? ஸ்பீச்ல அதைச் சொல்லப் போறேன். உங்களுக்கு சந்தோஷமா இருக்கும்ல?" என்றான்.

நான் பதில் சொல்வதற்குள் கூட்டம் தொடங்கிவிட்டது. குமார் சொல்லியும் விட்டான். அதைக் கேட்டு வரலாற்றுக் குழுவின் செயலாளர் எழுந்தார். ஷொங்கர்தா போன்ற ரயில்வே அனுபவம் உள்ளவரே ஏற்றுக்கொண்டபின் இனி விவாதம் இல்லை, அவர் நினைவாக அடுத்த பதிப்பில் கேயாகாட்டையே கடைசி ஸ்டேஷன் என்று திருத்திவிடுகிறோம், வேலாயுத் பாபுவின் பெயரையும் சேர்த்துக்கொள்கிறோம் என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள்.

இத்தனை ஆண்டுகள் நான் எதற்காக நடந்தேனோ அது தட்டில் வைத்து என் முன்னால் நீட்டப்பட்டது. கேயாகாட், என் பெயர், இரண்டும். பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். மறுப்பதற்கு அவர் இல்லை. அவர் இல்லை என்பதுதான் என்னை எழுப்பியது.

எழுந்து வங்காளத்தில்தான் பேசினேன், அவர்களுக்குப் புரிய வேண்டும் என்று. ஷொங்கர்தா ஒப்புக்கொள்ளவில்லை. கேயாகாட்டுக்கு அவர் டோட்டோவில் வந்தார், ரயிலில் வரவில்லை. அந்த மேடை சணலுக்குக் கட்டியது என்று அந்த மேடைமேல் நின்றுகொண்டே சொன்னார். எங்கள் இருவரில் பயணிகள் வண்டி அங்கே வந்தது என்று சொல்பவன் நான்தான், இப்போதும் சொல்கிறேன். அவரை என் பக்கம் சேர்க்காதீர்கள். படத்துக்கு அடியில் இருக்கும் வரியையும் எடுத்துவிடுங்கள் என்றேன்.

அப்படியானால் உங்கள் கூற்றுக்கு ஆதரவு என்ன இருக்கிறது என்று செயலாளர் கேட்டார். ஆதரவு இல்லாமல்தான் இவ்வளவு நாளும் இருந்தது என்றேன். அப்படியென்றால் புத்தகம் பழையபடியே இருக்கும் என்றார். இருக்கட்டும் என்றேன். நான் நிரூபித்து அதை மாற்ற வைப்பேன். ஒருவர் செத்துப்போனதை வைத்து மாற்ற வைக்க மாட்டேன்.

குமாருக்கு முகம் சுருங்கிவிட்டது. உங்களுக்காகத்தானே அங்கிள் செய்தேன் என்றான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. உங்களில் சிலர் வாசலில் நின்று, துக்க வீட்டில் போய் வழக்கு பேசுகிறான் பார் என்று சொன்னது என் காதில் விழுந்தது. அதற்குப் பதில் இதுதான்: துக்க வீட்டில் பொய் பேசக் கூடாது.

புறப்படும்போது அவருடைய மனைவி செண்பகத்தம்மாள் கூப்பிட்டனுப்பினார். திட்டப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் அமைதியாக, "நீங்க சொன்னதுதான் சரி அண்ணாச்சி. அவுக ஒத்துக்கிடல. வந்து முழங்காலுக்கு எண்ணெ தேய்க்கும்போதும் சணல் மேடைன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாக" என்றார்.

பிறகு ஏன் அவ்வளவு வலியோடு அங்கே வந்தார் என்று கேட்டேன்.

"நீங்க அந்த ஒரு மைலும் தனியாப் போயிட்டு வாறது அவுகளுக்கு மனசுக்கு ஒப்பல. வயசாயிட்டு, எங்கயாவது வழுக்கி விழுந்துருவாரு, பாதை இப்ப எப்படி இருக்குன்னு ஒரு தடவ பாத்துட்டு வாறேன்னாக."

பாதை ஆய்வாளர் பாதையை ஆய்வு செய்ய வந்திருக்கிறார். எனக்கு அது தெரியவில்லை. நான் ஒரு வார்த்தைக்காகக் காத்து நின்றிருக்கிறேன்.

சோட்டோ ரேலைப் பற்றி நானும் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன், தமிழில். யார் படிப்பார்கள் என்று கேட்காதீர்கள். அதில் ஹாட்தலா வரை வருவதெல்லாம் இரண்டு பேர் எழுதியது என்று இருக்கும். அந்த இடத்தில் தீப்பெட்டியும் பிஸ்கட் டின்னும் வரும், ஒடிந்த குச்சிகளோடு, ஒரு வார்த்தை குறையாமல். சங்கரலிங்கம் இங்கே இறங்கிக்கொண்டார் என்று ஒரு வரி வரும். அதற்குப் பிறகுள்ள மைல் என்னுடையது. அவருடைய குடை மகன் வீட்டில் இருக்கிறது, ரயில்வேப் புத்தகங்களும் அங்கேதான். எனக்கு அவற்றில் ஒன்றும் வேண்டாம். அவருடைய மறுப்பு என்னிடம் இருக்கிறது. வேறு யாரிடமும் அது முழுசாக இல்லை.

போன ஞாயிறு ஹாட்தலாவுக்குப் போனேன். டீக்கடைக்காரருக்கு விஷயம் தெரிந்திருந்தது. பெஞ்சைத் துடைத்துவிட்டார். நான் உட்காராமல் குளங்களை ஒட்டி நடந்தேன். பார்த்துக் கால் வைத்துத்தான் நடந்தேன். மேடையையும் ஆற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பி, வாழைத்தோப்பைத் தாண்டினேன். பெஞ்சு காலியாக இருந்தது. ரயில் வந்ததா என்று கேட்க ஆளில்லை.

வந்தது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் அதைத்தான் சொல்வேன்.